பால் ஆசிட்: வேலைக்கு நல்லது, வீட்டுக்கு ஆகாது



கித்தா பாலை உறைய வைக்க ஊற்றுகிறோமே, அந்த ஆசிட்டைப் பற்றி இம்முறை எழுதுகிறேன். அதன் பெயர் பார்மிக் ஆசிட். இலத்தீன் மொழியில் 'பார்மிக்கா' என்றால் எறும்பு. 1671இல் ஜான் ரே என்ற ஆங்கிலேய அறிஞர், எறும்புகளைக் காய்ச்சி வடித்தபோது இந்தப் புளிப்புத் திரவம் கிடைத்ததாக எழுதினார். சிலவகை எறும்புகளின் விஷத்தில் இது இருக்கிறது. இப்போது யாரும் எறும்பைக் காய்ச்சுவதில்லை. ஆலைகளில் இரசாயன முறையில் செய்கிறார்கள்.

இதன் குணம் என்ன?

பார்ப்பதற்குத் தண்ணீர் போலவே இருக்கும், நிறம் கிடையாது. ஆனால் மூக்கில் சுருக்கென்று ஏறும். தண்ணீரில் எந்த அளவிலும் கலந்துவிடும். சமையல் வினிகரில் உள்ள அசிடிக் அமிலத்தைவிட வீரியம் கூடியது.

மரத்திலிருந்து வடியும் பாலில் ரப்பர் சிறு சிறு துளிகளாக மிதக்கிறது. ஒவ்வொரு துளியையும் சுற்றிப் புரதப் போர்வை இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. ஆசிட் ஊற்றியதும் அந்தக் காவல் போய்விடும். துளிகள் சேர்ந்து கட்டியாகும். தோல் பதனிடுவதற்கும், துணிக்குச் சாயம் ஏற்றுவதற்கும், மாட்டுத் தீவனம் கெடாமல் வைப்பதற்கும் இதே ஆசிட் உதவுகிறது.

பாலுக்கு ஊற்றுவது சுமார் 2 சதவீதக் கரைசல்தான். டின்னில் வருவதோ 85, 90 சதவீதம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி போட்டாலே 2 சதவீதம் ஆகிவிடும். அப்படியானால் டின்னில் இருப்பது எவ்வளவு கடுமை என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நான் கண்ட ஒரு சம்பவம்

என் பணிக்காலத்தில் ஒரு நாள் காலை, ஆறு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு அவன் பாட்டி ஓடி வந்தார். மகன் மீந்த ஆசிட்டை ஆரஞ்சு பானப் போத்தலில் ஊற்றி, அடுப்படி மூலையில் வைத்திருக்கிறார். பையன் பள்ளிக்குப் போகும் அவசரத்தில் எடுத்து ஒரு மடக்கு குடித்துவிட்டான். "வாந்தி எடுத்தா சரியாயிடும்னு உப்புத் தண்ணி குடுத்தேன் டிரஸ்ஸரய்யா" என்று அழுதார். போகும்போது எரித்த ஆசிட், வாந்தியோடு திரும்பி வரும்போது இன்னொரு முறை எரித்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிள்ளை பிழைத்தான். ஆனால் உணவுக்குழாய் சுருங்கிப்போய், அதை விரித்துவிடப் பல ஆண்டுகள் ஆஸ்பத்திரிக்கு நடந்தான். விழுங்கிய ஆசிட் இரத்தத்தில் கலந்தால் சிறுநீரகமும் கெடும்.

பட்டுவிட்டால் செய்ய வேண்டியது

1. கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து, ஓடும் நல்ல தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள். தாய்ப்பால் விடாதீர்கள். கழுவிய உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.
2. தோலில் பட்டால் நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, அதேபோல் 20 நிமிடம் தண்ணீர் ஊற்றுங்கள். சுண்ணாம்பு, பற்பசை எதுவும் பூச வேண்டாம்.
3. விழுங்கிவிட்டால் வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 999க்கு அழையுங்கள். போத்தலையும் கையோடு கொண்டு வாருங்கள்.

வராமல் தடுக்க

கலக்கும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் டின்னைத் தொடாதீர்கள். அவற்றைக் கேட்டு வாங்கக் கூச்சப்பட வேண்டாம். வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைப்பது முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கடுமையான ஆசிட் நாளாக ஆக மெல்லச் சிதைந்து விஷவாயுவை வெளிவிடும். ஆகவே காற்றோட்டமுள்ள ஸ்டோரில் வைத்துப் பூட்டுங்கள்.

சம்சு குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

கள்ளச் சாராயத்தில் சில சமயம் மெத்தனால் கலந்திருக்கும். அதை நம் உடம்பே பார்மிக் ஆசிட்டாக மாற்றிவிடுகிறது. கண் நரம்பைக் கெடுத்துப் பார்வையைப் பறிப்பது இந்த ஆசிட்தான். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதிகளில் இப்படிப்பட்ட மது குடித்துப் பலர் மாண்டார்கள். குடித்தபின் பார்வை மங்கினால், "போதை தெளிஞ்சா சரியாப் போயிடும்" என்று படுத்துவிடாதீர்கள். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

இதைப் படித்து முடித்ததும் அடுப்படி மூலையையும் கட்டிலுக்கு அடியிலும் ஒருமுறை பாருங்கள். பானப் போத்தலில் ஆசிட் இருந்தால் இன்றைக்கே ஸ்டோருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.