தீவுப் பள்ளிக்குப் போகிறவளுக்கு

கண்ணு, மாலத்தீவில் உனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று உன் அம்மா சொன்னாள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து உன் தீவுக்குப் போய்ச் சேரத்தான் நேரம் பிடிக்கும். ஆயிரத்துக்கு மேற்பட்ட தீவுகளில் ஆள் குடியிருப்பவை இருநூற்றுக்கும் குறைவு. அப்படி ஒரு சிறு தீவில்தான் என் வயதின் நல்ல பகுதி கணக்கு சொல்லிக் கொடுத்தே கழிந்தது. பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும் என்று சொல்ல உனக்கு ஆள் இருக்கிறது. படிக்க விருப்பமில்லாத பிள்ளைகள் முன்னால் தினமும் போய் நிற்பது பற்றி மட்டும் உன் அத்தை சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. முதல் வாரத்திலேயே ஆசிரியர் அறையில் யாராவது உன்னிடம் சொல்வார்கள்: "இதுகளுக்குப் படிப்பு ஏறாது, நீ பாட்டுக்குப் போர்ஷனை முடி." அந்தப் பேச்சில் சேராதே. நம் ஊர்ப் பிள்ளைகளோடு ஒப்பிடவும் செய்யாதே. நம் ஊரில் ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பின்னால் கட் ஆஃப் இருக்கிறது, கவுன்சலிங் இருக்கிறது, பக்கத்து வீட்டில் என்ன மார்க் என்ற கேள்வி இருக்கிறது. அந்தத் தீவில் இதெல்லாம் கிடையாது, அதனால் பயமும் கிடையாது. பயமில்லாத பிள்ளை நாற்காலியில் சாய்ந்து உட்காரும், ஜன்னல் வழியே கடலைப் பார்க்கும், "போர் அடிக்குது மிஸ்" என்று முகத்துக்கு நேரே சொல்லும். முதலில் உனக்கு அது அவமரியாதையாகத்தான் படும். அந்தப் பிள்ளை உண்மையைச் சொல்கிறது, அவ்வளவுதான். நம் ஊர் வகுப்பறையில் நாம் ஆர்வம் என்று நினைத்ததில் எவ்வளவு பயம் கலந்திருந்தது என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் புலப்பட்டது.

2. ஒரு பிள்ளை படிக்காமல் இருப்பதற்கு அதனிடம் ஒரு காரணம் இருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள். 1972இல் குரும்பா என்ற பெயரில் அந்த நாட்டின் முதல் ரிசார்ட் திறந்தது. இன்று நூற்றைம்பதுக்கு மேல் இருக்கின்றன. உன் பத்தாம் வகுப்புப் பையனின் அண்ணன் அப்படி ஒன்றில் படகு ஓட்டுவான், அல்லது சாப்பாட்டு மேசையில் பரிமாறுவான். டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் சேர்த்து அவன் வீட்டுக்கு என்ன அனுப்புகிறான் என்பது தம்பிக்குத் தெரியும். அவனிடம் போய், "படித்தால்தான் சம்பாதிக்கலாம்" என்று சொல்லாதே. படித்த நீ ஊரை விட்டு வந்து அவன் தீவில் வாடகை அறையில் இருக்கிறாய் என்பதையும் அவன் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான்.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. எட்டாம் வகுப்பு வரை நன்றாகப் படித்த ஒருத்தி திடீரென்று நோட்டைத் திறப்பதையே நிறுத்திவிட்டாள். பேனாவின் மூடியைக் கழற்றுவாள், மாட்டுவாள்; நாற்பது நிமிடமும் அதுதான். பதினொன்றும் பன்னிரண்டும் எல்லாத் தீவிலும் இல்லை. மேலே படிக்கத் தலைநகர் மாலேக்குப் போக வேண்டும். இரண்டு சதுர கிலோமீட்டர் அளவே உள்ள அந்த நெரிசலில் யாராவது உறவுக்காரர் வீட்டில், ஒரே அறையில் நாலு பேரோடு தங்க வேண்டும். பத்தோடு நிறுத்திவிடலாம் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். பிறகு எதற்காக அவள் படிப்பாள்? அல்ஜீப்ராவை ஒதுக்கி வைத்துவிட்டு அவள் அம்மாவிடம் போய்ப் பேச ஆரம்பித்தேன். அம்மா சம்மதிக்க நாளானது. ஆனால் தனக்காக ஒருத்தி பேசுகிறாள் என்று தெரிந்ததுமே அந்தப் பெண்ணின் நோட்டு நிரம்பத் தொடங்கிவிட்டது.

3. பிள்ளைகளுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று தேடு. பத்தாம் வகுப்புத் தேர்வில் இஸ்லாமும் அந்த நாட்டின் திவேஹி மொழியும் உள்நாட்டுத் தாள்கள். மற்றவை பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வருகிற கேம்பிரிட்ஜ் தாள்கள். கேள்வியில் ரயில் ஓடும், பனி பெய்யும், ஆறு வளையும். நீ போகிற நாட்டில் ஆறே இல்லை. நிலம் பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு மேல் இரண்டரை மீட்டர் தேறாது. அங்கே பிறந்த பிள்ளைக்கு, இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

ஒரு நாள் அந்த ரயில் கணக்கை அழித்துவிட்டு, நம் தீவிலிருந்து ஒரு தோணி பக்கத்து அட்டோலுக்கு, அதாவது பக்கத்துத் தீவுக்கூட்டத்துக்கு, மணிக்கு பதினாறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று எழுதினேன். எப்போதும் தலை கவிழ்ந்து படுத்திருக்கும் கடைசி வரிசைப் பையன் நிமிர்ந்தான். "அப்படிப் போகாது மிஸ்" என்றான். இரண்டு அட்டோலுக்கும் நடுவில் உள்ள கால்வாயில் நீரோட்டம் குறுக்கே அடிக்குமாம். நேராக முகம் வைத்தால் தோணி வேறு தீவில்தான் போய் நிற்குமாம். எவ்வளவு ஒதுக்கிப் பிடிக்க வேண்டும் என்று பலகைக்கு வந்து கோடு போட்டுக் காட்டினான். வெக்டர் கூட்டலை நான் புத்தகத்திலிருந்து நடத்தினால் மூன்று வகுப்பு பிடித்திருக்கும். அன்று அவன் நடத்தி முடித்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை வைத்துக்கொள். அங்கே மீனவர்கள் ஆண்டை 27 பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நகய் என்பார்கள். அஸ்ஸிதா, புருனு, கெத்தி என்று போகும். நம் அசுவினி, பரணி, கார்த்திகைதான். எந்த நகயில் காற்று திரும்பும், எதில் சூரை கிடைக்கும் என்று தாத்தாக்கள் சொல்லச் சொல்ல வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஒரு நகய் 13 நாளோ 14 நாளோ வரும், மொத்தம் 365 நாள். அப்படியானால் 14 நாள் நகய் எத்தனை, 13 நாள் நகய் எத்தனை? இரண்டு சமன்பாடு எழுதித் தீர்த்தால் முதல் வகை 14, இரண்டாவது 13 என்று வரும். விடையைச் சொல்லாமல் விட்டுப் பார். சாயங்காலம் தாத்தாவைக் கேட்டு எண்ணிக்கொண்டு வருவார்கள்.

4. நோன்பு மாதத்தில் பள்ளி நடந்தால் பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். இரவெல்லாம் தீவே விழித்திருக்கும். அதைப் படிப்பில் அலட்சியம் என்று எழுதி வைத்துவிடாதே. அந்த மாதம் புதுப் பாடம் வேண்டாம், பழையதைத் திருப்பு.

5. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்லி வளர்த்தவர்கள் நாம். அந்த வழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போ. கையை மட்டுமில்லை, நாக்கையும்தான் சொல்கிறேன். எங்களோடு இருந்த ஒருவர் அறிவியலில் கெட்டிக்காரர். பிள்ளைகளுக்குப் புரியாது என்ற நம்பிக்கையில் ஹிந்தியில் திட்டுவார்: மக்குகள், சோம்பேறிகள் என்று. அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் ஹிந்திப் படம் ஓடாத நாள் கிடையாது. வகுப்பு முழுக்க ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை, புகாரும் கொடுக்கவில்லை. அந்த ஆண்டு முடிகிறவரை அவர் பாடத்துக்கு ஒருவரும் புத்தகம் திறக்கவில்லை, அவ்வளவுதான். நீ தமிழில் முணுமுணுத்தாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

6. எழுத்துக் கற்றுக்கொள். திவேஹி மொழியின் தானா எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களிலிருந்து உருவானவை. கணக்கு டீச்சரான உனக்கு அது பிடிக்கும். மிகவும் பின்தங்கிய பிள்ளையிடம் போய்க் கற்றுக்கொள். நீ தப்பாக எழுதி, அழித்து, மறுபடி எழுதுவதை அது பார்க்கட்டும். அதுவரை அந்தப் பிள்ளை சொல்லிக் கொடுக்கும் இடத்தில் இருந்ததே இல்லை.

7. இப்போது சொல்லப் போவதுதான் முக்கியம், கண்ணு. அங்கே உனக்கு வரும் கோபத்தில் பாதிக்குமேல் பிள்ளைகளால் வருவதாக இருக்காது. காய்கறி மாலேயிலிருந்து படகில் வர வேண்டும். காற்று மாறிக் கடல் கொந்தளித்தால் படகு வராது. காய்கறி இல்லாத குழம்பை எத்தனை நாள் சாப்பிடுவாய்? அண்ணன் குழந்தைக்குக் காது குத்து என்று வீடியோ காலில் எல்லாரும் கூடி நிற்பார்கள், நடுவில் சிக்னல் போய்விடும். வெள்ளியும் சனியும் விடுமுறை. அந்த இரண்டு நாளும் அறைக்குள் படுத்துப் படுத்து, ஞாயிற்றுக்கிழமை முதல் வகுப்பில் ஒரு பையன் பேனா கொண்டுவரவில்லை என்றதும் வெடிப்பாய். அவன் பேனா கொண்டுவராததற்கும் அந்தக் கோபத்துக்கும் சம்பந்தமே இருக்காது. ஊர் ஏக்கத்தை அவன் தலையில் இறக்கி வைத்திருப்பாய். அவனுக்குத் தெரிவதெல்லாம், இந்த மிஸ்ஸுக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்பது மட்டும்தான். பிடிக்காதவரிடம் யார் பாடம் கேட்பார்கள்?

அதனால் அறைக்குள் அடைந்து கிடக்காதே. சாயங்காலம் கடற்கரைக்குப் போ. கயிற்று வலை பின்னிய ஜோலி என்ற நாற்காலிகள் வரிசையாக இருக்கும். பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். உனக்கும் இடம் விடுவார்கள். பெண்கள் பாஷி என்று பந்து விளையாடுவார்கள், நின்று பார். மாசிக் கருவாடும் தேங்காயும் போட்டுப் பிசைந்து ரொட்டியோடு கொடுத்தால், உனக்கு ஒத்துக்கொள்ளும் என்றால், வாங்கிச் சாப்பிடு. சைவம்தான் என்றால் அதைச் சிரித்துக்கொண்டே சொல். அடுத்த முறை உனக்கென்று வாழைக்காய் வறுத்து வைப்பார்கள். அந்த வீட்டில் நீ தேநீர் குடித்த பிறகு, அந்த வீட்டுப் பிள்ளையிடம் வகுப்பில் உன் குரல் தானாகவே இறங்கும். எனக்கு அப்படித்தான் இறங்கியது.

8. பணத்துக்காகத்தான் போகிறோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உன் அப்பாவின் கடனை அடைக்க நினைக்கிறாயே, அந்த எண்ணமே பெரிது. ஆனால் கடன் தீர இன்னும் எத்தனை மாதம் என்ற கணக்கை வகுப்பறைக்குள் போடாதே. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டுமே என்று பயந்து மார்க்கை அள்ளிப் போடவும் செய்யாதே. வாங்கத் தகாத மார்க்கை வாங்கிய பிள்ளை உன்னை மதிக்காது, தன்னையும் மதிக்காது.

9. சில பிள்ளைகள் நீ என்ன செய்தாலும் திறக்கமாட்டார்கள். அவர்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ, கூட்டாளிகள் யாரோ, எல்லாம் உன் கைக்குள் இல்லை. தொண்ணூறுகளிலிருந்து அந்த நாட்டின் இளைஞர்களைப் போதைப்பொருள் படுத்திய பாடு கொஞ்சமல்ல. என் வகுப்பிலிருந்தும் அதற்குப் போனவர்கள் உண்டு. அப்படிப்பட்டவனிடம் பாடம் எதிர்பார்க்காதே, வருகையை மட்டும் எதிர்பார். "நேற்று வரவில்லையே, உடம்புக்கு என்ன?" என்று தினமும் ஒரு கேள்வி. பதில் வராவிட்டாலும் கேள். பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது நல்லவர்களை மட்டும் முன்வரிசையில் உட்கார்த்தி வைத்துப் பழைய கேள்வித்தாள்களைப் போட்டு வாங்கும் வழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. நீ அப்போதும் கடைசி வரிசைக்கு ஒரு கேள்வியை ஒதுக்கு. அவனால் முடிகிற கேள்வியாக அது இருக்கட்டும்.

10. பள்ளியை விட்டவர்கள் எங்கும் போய்விடமாட்டார்கள், தீவு சின்னது. நீ மாலேக்குப் போகும் ஃபெர்ரியில் கயிறு கட்டுகிறவன் உன் பழைய மாணவனாக இருப்பான். உன் பெட்டியையும் அவன்தான் தூக்கி வைப்பான். அவனிடம் பரீட்சையைப் பற்றி எதுவும் கேட்காதே. பெயர் சொல்லிக் கூப்பிடு. என்ஜின் எத்தனை குதிரைத் திறன், கடல் எப்படி இருக்கிறது, அம்மா சௌக்கியமா என்று கேள். போகும் வழியெல்லாம் அவன் சொல்லிக்கொண்டே வருவான்.