கடலுக்கும் ஓர் உயிர்வேலி

"சுவாமி, வயலுக்கு வேலி அடைக்கவே எங்களிட்டக் காசில்லை. கடலுக்கு எப்படி வேலி போடுறது?"

மீள்குடியேறிய கரையோரக் கிராமமொன்றில் ஒரு தாய் எம்மிடம் கேட்ட கேள்வி இது. கூட்டத்தில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் கேள்வி நியாயமானது. இப்பாடத்தில் அதற்கு விடை தேடுவோம்.

கடல் மீனவருடைய காரியம் என்பது கமஞ்செய்யும் எமது குடும்பங்களின் பழைய எண்ணம். இடம்பெயர்ந்து அலைந்த பலருக்கு இன்று கிடைத்திருக்கும் காணியோ கடலுக்கு அண்மையில் உள்ளது. 1964 டிசெம்பரில் மன்னாரையும் 1978 நவெம்பரில் மட்டக்களப்பையும் தாக்கிய சூறாவளிகள், 2004 டிசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை, 2020 டிசெம்பரில் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரைகடந்த புரேவிப் புயல் ஆகிய எவையும் கமக்காரன், மீனவன் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

மணற்கும்பியும் எமது கிணறும்

கரையோர மணற்கும்பியைச் சிலர் வெறும் மணல் என்று நினைத்து டிப்பரில் ஏற்ற விடுகின்றனர். உண்மையில் அது எமது நீர்த்தொட்டி. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் நிற்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் உப்புநீரிலும் பாரம் குறைந்தது. நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை உப்புநீரை அமுக்கி வைத்திருக்கும் என்பது பொதுவான கணக்கு. கும்பியை அள்ளி அந்த ஓர் அடி இறங்கினால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு மேலேறும். முதலில் கிணறு உவராகும். பிறகு தோட்டம் கருகும். மணலை விற்பவர் தமது கிணற்றையும் சேர்த்தே விற்கிறார்.

யால கற்பித்த பாடம்

கும்பி அலையையும் தடுக்கும். தென்கிழக்கே யாலவில் சுற்றுலா விடுதியொன்றின் முன்னால், கடல் நன்றாகத் தெரியவேண்டும் என்பதற்காக மணற்குன்றை அகற்றியிருந்தார்கள். 2004இல் அந்த விடுதி அழிந்தது. அதே கரையில் உயர்ந்த குன்றுகள் குலையாமல் நின்ற இடங்களில் உட்புறம் தப்பியது. வேலியில் ஒரு பொட்டு இருந்தால் மாடு அதனூடாகவே உள்ளே வரும் என்பது நாம் அறிந்ததே. கடலும் அப்படித்தான்.

எந்த இடத்தில் எதை வளர்ப்பது?

1. அலையடிக்கும் மணற்கரை: இங்கே அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் போதும். பறக்கும் மணலை இவை பிடித்துவைக்க, கும்பி தானாக வளரும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று எமது முன்னோர் சும்மா சொல்லவில்லை.

2. கும்பியின் பின்புறம்: தாழை, பூவரசு, பனை ஆகியவற்றை நெருக்கமாக, பல வரிசைகளில் வளர்க்கவேண்டும். மாரி மழைக்கு முன் பனங்கொட்டைகளைப் புதைத்துவிடலாம். உப்புக் காற்று பயிரைத் தாக்காமலும் இவை காக்கும்.

3. களப்பு, கடனீரேரி ஓரங்கள்: கண்டலும் கண்ணாவும் இங்கேதான் வளரும். அலை மோதும் திறந்த மணற்கரையில் அவற்றை நடுவது வீண்வேலை.

கண்டல் நடும்போது கவனம் தேவை. ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் கண்டல் நடப்பட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் பிற்பாடு சென்று பார்த்தனர். 1,000 ஹெக்டெயருக்குக் குறையாமல் நட்டதில், தப்பி நின்றது ஏறத்தாழ 200 ஹெக்டெயர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பொருந்தாத இடத்தில் நட்டார்கள். நட்டபின் பார்க்க ஆளில்லை. பல இடங்களில் ஆடுமாடு மேய்ந்தது. முருங்கைக்காய்போல் தொங்கும் கண்டற்காயைச் சேற்றில் குத்துவது இலகு. வற்றுப்பெருக்கு எந்த அளவுக்கு ஏறி இறங்குகிறது என்று பார்த்து, இயற்கையாகக் கண்டல் நிற்கும் அதே மட்டத்தில் குத்தவேண்டும். அடைபட்டுப்போன நீரோடும் வாய்க்காலைத் திறந்துவிட்டாலே, அருகில் தாய்மரம் இருந்தால், பல இடங்களில் கன்று தானாக முளைக்கும்.

ஓர் எச்சரிக்கை

உயிர்வேலி நீரின் வேகத்தைக் குறைக்கும். 2004இல் வந்ததுபோன்ற பேரலையை முற்றாக நிறுத்தும் என்று எவரும் நம்பக்கூடாது. கடல் திடீரென உள்வாங்கினால், அல்லது எச்சரிக்கை கேட்டால், பொருட்களை விட்டுப் பிள்ளைகளுடன் மேட்டுநிலத்துக்குப் போய்விட வேண்டும்.

அந்தத் தாய்க்கு எமது பதில்

இந்த வேலிக்குக் கம்பியும் சீமெந்தும் வேண்டாம். கொடித்துண்டும் பனங்கொட்டையும் கண்டற்காயும் காசில்லாமல் கிடைப்பவை. வேண்டியது ஊரின் ஒற்றுமையும் பொறுமையுமே. கும்பியில் மணல் அள்ள விடுவதில்லை, கண்டலை விறகுக்கு வெட்டுவதில்லை, ஆடுமாட்டைக் கரையில் அவிழ்த்துவிடுவதில்லை என்று ஊர் கூடித் தீர்மானித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஆனால் கூட்டம் முடிந்தபின் ஒரு முதியவர் வேறொன்றைக் கேட்டார்: "இந்தக் காணியில எத்தினை நாளைக்கு இருப்பம் எண்டே தெரியாது. நான் ஏன் பனை நடவேணும்?" இதற்கு இலகுவான பதில் எம்மிடம் இல்லை. ஒன்றை மட்டும் நினைவுகூர்வோம். இடம்பெயர்ந்து போன வழியெல்லாம் யாரோ வெட்டிய கிணற்றில் நீர் குடித்தோம். யாரோ நட்ட மரத்தின் கீழ் தறப்பாள் கட்டிப் பிள்ளைகளைக் கிடத்தினோம். நட்டவர் எம்மை அறியார். தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் இறைவன் மனிதரை அதில் வைத்தார் என்று தொடக்கநூல் கூறுகிறது. எவ்வளவு காலத்துக்கு என்று அங்கே சொல்லப்படவில்லை.

கலந்துரையாடுவோம்

1. எமது கரையில் 'பொட்டு' எங்கே இருக்கிறது? அது எப்படி ஏற்பட்டது?
2. எந்தெந்தக் கிணறுகள் உவராகி வருகின்றன? எப்போதிருந்து?
3. வரும் மாரிக்கு முன் எமது சங்கம் எந்த ஓர் இடத்தில் வேலையைத் தொடங்கலாம்? கன்றுகளைப் பார்க்கும் பொறுப்பு யாருடையது?