எது திறக்கும் என்று எழுதுங்கள்

நூலகம் இணையத்தளத்தில் ஒரு பழைய புத்தகத்தின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ‘வாசிக்க’ என்ற தலைப்பின் கீழே புத்தகத்தின் பெயரே இணைப்பாக இருக்கும். பக்கத்தில் கோப்பு எத்தனை எம்பி, என்ன வடிவம் என்றும் போட்டிருப்பார்கள். 2005இல் தொடங்கிய அந்தத் தளத்துக்கு நான் புத்தகம் தேடித்தான் போவேன். இணைப்பு எழுதவும் அங்கேதான் படித்தேன். றீலோட் போட்ட டேட்டா முடிகிற நேரத்தில் ‘40 எம்பி’ என்று முன்கூட்டியே தெரிவது எவ்வளவு பெரிய உதவி என்று எங்களூர் முள்ளியவளையில் இருந்து பார்த்தால் விளங்கும்.

எங்கள் சனசமூக நிலையத்தின் இணையப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். வேலைவாய்ப்பு, விண்ணப்பப் படிவம், கோவில் அறிவித்தல், வித்தியானந்தாக் கல்லூரியின் பழைய மாணவர்கள் அனுப்புகிற படங்கள். எழுத்துவேலை என்று பெரிதாக இல்லை. பாதிக்கு மேல் இணைப்புத்தான்.

வைகாசி நெருங்கினால் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பொங்கல் எப்போதென்று கேள்வி தொடங்கிவிடும். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் ஒரு நாளில் முடிகிற காரியமில்லை. முதலில் கடலில் தீர்த்தமெடுப்பு, பிறகு எங்களூர் காட்டா விநாயகர் கோவிலில் பொங்கல், அதற்கு மறுநாள் அம்மன் கோவிலில். மூன்று அறிவித்தலுக்கும் ‘பொங்கல் விபரம்’ என்றே இணைப்புக் கொடுத்தால், விமான ரிக்கெற் போடுகிறவர் எந்த நாளை நம்புவார்? ‘தீர்த்தமெடுப்பு’, ‘காட்டா விநாயகர் பொங்கல்’, ‘வற்றாப்பளைப் பொங்கல்’ என்று தனித்தனியாக எழுதி ஆண்டையும் சேர்த்துவிடுவேன். திகதி வருடா வருடம் மாறும். ஆண்டு போடாத அறிவித்தல் அடுத்த வைகாசியிலும் கூகுளில் வந்து நிற்கும்.

வேலைவாய்ப்பு அறிவித்தல் வருகிற அரச வர்த்தமானியும் அப்படித்தான். அது வெள்ளிக்கிழமைதோறும் வரும். ‘புதிய வர்த்தமானி’ என்று எழுதினால் அடுத்த வெள்ளி அது பழசு. என்ன பதவி, முடிவுத் திகதி எது என்று இணைப்பிலேயே இருந்தால், தகுதியில்லாதவர் திறந்து மினக்கெடத் தேவையில்லை.

‘இங்கே அழுத்தவும்’ என்பதை நான் அடியோடு விட்டதற்குக் காரணம் கண்பார்வை இழந்த ஒரு தம்பி. என்விடிஏ என்ற திரைவாசிப்பானில்தான் அவன் கணினி பாவிக்கிறான். பார்வையற்ற இரண்டு அவுஸ்திரேலியர்களுடைய இலவச மென்பொருள் அது. 2006இல் மைக்கல் கரன் தொடங்கினார், பிறகு ஜேம்ஸ் தே சேர்ந்துகொண்டார். இன்சேர்ட் விசையோடு எஃப்7 அழுத்தினால் பக்கத்திலுள்ள இணைப்புகளை மட்டும் பட்டியலாக்கித் தரும். ஒரு அலுவலகத் தளத்தில் அவன் அதைச் செய்துகாட்டினான். ‘இங்கே அழுத்தவும், இங்கே அழுத்தவும், மேலும், இங்கே அழுத்தவும்’ என்று குரல் ஓடிக்கொண்டே இருந்தது. “அண்ணை, எல்லாம் இங்கையெண்டால் நான் எங்கை போறது?” என்றான். இணைப்பு எங்கே போகிறதென்று அதன் எழுத்திலோ, அதைச் சூழ்ந்த வசனத்திலோ தெரியவேண்டும் என்பது இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி 2008இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டலில் ஆக அடிப்படைப் படியிலேயே இருக்கிறது. ஒரு பக்கத்தைப் போட்டு முடித்ததும் இணைப்புகளை மட்டும் தனியே வாசித்துப் பார்ப்பது அதற்குப் பிறகு எனக்குப் பழக்கமாகிவிட்டது.

மொழியையும் சொல்லுங்கள். தமிழ்ப் பக்கத்தில் தமிழில் ‘விண்ணப்பப் படிவம்’ என்றிருக்கும். திறந்தால் படிவம் சிங்களத்தில். கொமினிகேசன் கடையில் காசு கொடுத்துப் பிரின்ற் எடுத்த பிறகு தெரிந்து என்ன பயன்? ‘விண்ணப்பப் படிவம் (சிங்களம், பீடிஎஃப், 2 பக்கம்)’ என்று எழுத ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது.

தமிழுக்கென்று ஒரு கரைச்சலும் உண்டு. ‘படிவத்தை’ என்பதில் ‘படிவத்த’ வரைக்கும் இணைப்பாக்கி விட்டால், வெளியே நிற்கும் ஐகாரக் குறி சில திரைகளில் புள்ளிவட்டத்தோடு தனியே தொங்கும். உருபோடு முழுச்சொல்லையும் இணைப்பாக்குங்கள். நானென்றால் வசனத்துக்குள் செருகாமல், பெயராகவே தனிவரியில் போட்டுவிடுவேன்.

வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் இன்னொன்று. தமிழ்த் தலைப்புள்ள முகவரியைப் படியெடுத்து அங்கே ஒட்டினால் பெரும்பாலும் வீதக் குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக முழ நீளத்துக்கு இழுபடும். வைரஸ் என்று பயந்து சனம் தொடாது. முகவரிக்கு மேலே ஒரு வரி எழுதுங்கள்: என்ன, யாருடைய தளம், எத்தனை எம்பி.