ஆவாரை வையுங்கள், பேயாவரையைப் பிடுங்குங்கள்!

கூடல்நகர் ஸ்டேஷன் தாண்டி ஆனையூர்ப் பக்கம் வீடு கட்டியிருக்கிறீர்களா? வாசலில் நாலடி இடம் இருக்கும். நர்சரியில் ரோஜாத் தொட்டி வாங்கி வைத்திருப்பீர்கள். சித்திரை வெயிலில் அது கருகியும் போயிருக்கும். போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஏன் சிரமப்படணும்? கண்மாய்க் கரையிலும் ரோட்டோரத்திலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே ஆவாரை, அதை வையுங்கள். ஒரு தடவை வேர் பிடித்துவிட்டால் வருஷக்கணக்கில் நிற்கும்.

விதைதான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். தோல் கெட்டி. அப்படியே போட்டால் மாசக்கணக்கில் முளைக்காமல் கிடக்கும். கொதித்த தண்ணீரை இறக்கி, சூடு சற்றுத் தணிந்ததும் விதையைப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பியிருக்கும் விதைகளை மட்டும் எடுத்து ஊன்றுங்கள். ஆணிவேர் ஆழமாக ஓடுகிற செடி. வளர்ந்த பிறகு பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம். அதனால் புரட்டாசியில், மழைக்கு முன்னால், நிற்கப்போகிற இடத்திலேயே ஊன்றிவிடுவது நல்லது. செடிக்குச் செடி நாலடி விடுங்கள். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. உரம் பற்றிக் கவலையே வேண்டாம்.

இனிதான் கவனம் தேவை. விதைக்காக ரோட்டோரம் போகும்போது ஆவாரை என்று நினைத்துப் பேயாவரையைக் கொண்டுவந்துவிடக் கூடாது. அதுவும் மஞ்சள் பூதான். உத்தரப்பிரதேசம் பிஜ்னோர் மாவட்டத்தில் சின்னக் குழந்தைகள் வாந்தி, மயக்கம், வலிப்பு என்று வந்து சில நாட்களிலேயே இறந்துபோனார்கள். மூளைக் காய்ச்சல் என்றே பல வருஷம் நினைத்திருந்தார்கள். விளையாட்டாகத் தின்ற பேயாவரை விதைதான் ஈரலையும் தசையையும் மூளையையும் தாக்கியது என்று 2007-ல் டாக்டர் விபின் வசிஷ்டா, வேலூர் டாக்டர் ஜேக்கப் ஜான் ஆகியோர் எடுத்துச் சொன்னார்கள்.

வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். ஆவாரையில் ஒரு காம்பில் எட்டிலிருந்து பன்னிரண்டு ஜோடி சின்ன இலைகள், நுனி மழுங்கியிருக்கும். காம்பு அடியில் காது மாதிரி ஓர் இலைத்துண்டு ஒட்டியிருக்கும். காய் தட்டையாக, காகிதம் போல மெலிந்திருக்கும். பேயாவரையில் நாலைந்து ஜோடிதான். இலை பெரிசு, நுனி கூர்மை, கசக்கினால் துர்நாற்றம். காய் ஒடுங்கி நீண்டிருக்கும். மழைக்குப் பிறகு காலி மனையில் முளைத்தால் காய் வைக்குமுன் வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

வேலியோரம் மஞ்சள் அரளி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இலை, பால், விதை எல்லாமே விஷம், இதயத் துடிப்பையே குலைத்துவிடும். குழந்தை உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். குழந்தை எந்த விதையையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-க்குப் போன் செய்து, அந்த விதையையும் கையோடு எடுத்துக்கொண்டு ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சரி, ஆவாரம்பூ டீ? நிழலில் உலர்த்திய பூவைப் போட்டுக் குடிக்கலாம். இலங்கையில் ‘ரணவரா’ என்று இதைத்தான் குடிக்கிறார்கள். ஆவாரை பூத்த ஊரில் சாவே இல்லை என்கிற பழமொழியை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள்தான் பிரச்சினை. எலிகளுக்குக் கொடுத்த சோதனைகளில் சர்க்கரை குறைந்தது உண்மை. ஆனால் அது மாத்திரைக்கு, இன்சுலினுக்கு ஈடு ஆகாது. மாத்திரையோடு டீயும் சேர்ந்தால் சர்க்கரை அதிகமாக இறங்கவும் வாய்ப்பு உண்டு. டாக்டரிடம் சொல்லிவிட்டே குடியுங்கள். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்.

காய் முற்றி உதிர்ந்ததும் செடியை இடுப்பளவுக்குக் கவாத்து செய்யுங்கள். புதுக் கிளையில் பூ அடர்ந்து வரும். நடுவில் பச்சைப் புழு இலையைத் தின்னும். பயந்து மருந்து அடித்துவிடாதீர்கள், அந்தப் பூவைத்தானே டீயில் போடப்போகிறீர்கள்! அந்தப் புழுக்கள்தான் பிறகு வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளாக வாசலில் பறக்கும். இலை திரும்பத் துளிர்த்துவிடும்.