திரையும் சாளரமும்

நுழையும்முன்

வழி தெரியாத ஊரில் தெருமுனைக் கடைக்காரரிடம் வழிகேட்ட காலம் மாறிவிட்டது. இன்று கைப்பேசியே வழிசொல்கிறது. தெருவே இல்லாத வானத்தில் சிறு விமானம் ஓட்டுவோர்க்கும் அத்தகைய துணையொன்று கிடைத்துள்ளது. அத்துணை எதனை அறியும், எதனை அறியாது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மகிழ்ச்சிக்காகப் பறப்போர்

அமெரிக்கா, இங்கிலாந்து முதலிய நாடுகளில் பெரிய விமான நிலையங்கள் மட்டுமன்றி, புல்தரையையே ஓடுபாதையாகக் கொண்ட சிறிய தளங்களும் மிகுதியாக உள்ளன. விடுமுறை நாள்களில் ஆசிரியர், மருத்துவர், வணிகர், ஓய்வுபெற்றோர் எனப் பலரும் அங்குக் கூடுவர். இருவர் அல்லது நால்வர் மட்டுமே அமரக்கூடிய, ஒற்றை எஞ்சின் கொண்ட விமானத்தில் ஏறி, நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள மற்றொரு தளத்திற்குச் சென்று, தேநீர் அருந்தித் திரும்புவர். ஊதியத்திற்காக அன்றி மகிழ்ச்சிக்காகவே மேற்கொள்ளப்படும் இதனைப் பொழுதுபோக்குப் பறத்தல் என்பர். பொழுதுபோக்கு என்னும் சொல்லைக் கேட்டு இதனை எளிதென்று எண்ணிவிடக்கூடாது. வழி தவறிய பேருந்து சாலையோரம் நின்று விசாரிக்கலாம். வழி தவறிய விமானத்திற்கு நிற்க இடமில்லை, எரிபொருளோ குறைந்துகொண்டே இருக்கும்.

காற்று செய்யும் பிழை

விமானிக்கு முதல் எதிரி காற்று. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வடக்கு நோக்கிச் செல்லும் விமானத்தின்மீது, மேற்கிலிருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுவதாகக் கொள்வோம். விமானத்தின் மூக்கு வடக்கையே காட்டும். திசைகாட்டியும் வடக்கென்றே சொல்லும். ஆயினும், ஒரு மணி நேரம் கழித்து அவ்விமானம் தன் வழியிலிருந்து 30 கிலோமீட்டர் கிழக்கே விலகியிருக்கும். ஆற்றைக் கடக்கும் படகு எதிர்க்கரையில் குறித்த துறையைவிட்டு ஒழுக்கின் போக்கில் கீழே சென்று சேர்வதைப் போன்றது இது.

இதனால், பறக்குமுன் ஐந்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவில் வரையப்பட்ட நிலப்படத்தை விரித்துப் பென்சிலால் கோடிடுவதும், காற்றின் திசையையும் வேகத்தையும் கணக்கிட்டு மூக்கை எத்தனை பாகை திருப்பவேண்டும் என முடிவு செய்வதும் வழக்கமாயிற்று. பறக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து, இந்நேரத்தில் இவ்வாறு இருக்கவேண்டும், இந்நேரத்தில் இந்த இருப்புப்பாதை குறுக்கிடவேண்டும் என்று ஒப்பிடுவர். ஒரு பாகை பிழைத்தால் அறுபது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் விலகும் என்னும் எளிய கணக்கை மாணவ விமானிகள் இன்றும் மனப்பாடமாகக் கற்கின்றனர்.

ஒரு துயரத்திற்குப் பின்

1983 செப்டம்பர் 1 அன்று, நியூயார்க்கிலிருந்து அலாஸ்கா வழியாகச் சியோலுக்குச் சென்ற கொரியப் பயணிகள் விமானம் தன் வழியிலிருந்து விலகிச் சோவியத் வான்பரப்பினுள் நுழைந்தது. சோவியத் போர் விமானம் அதனைச் சுட்டு வீழ்த்தியதில் 269 பேர் உயிரிழந்தனர். தாம் வழிவிலகியதை விமானிகள் அறியவே இல்லை. தம் இராணுவத்திற்காக உருவாக்கிவந்த ஜி.பி.எஸ். என்னும் புவியிடங்காட்டி முறைமை, பணி நிறைவுற்றதும் பொதுப் பயன்பாட்டு விமானங்களுக்கும் கிடைக்கும் என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகனின் அரசு அதே மாதத்தில் அறிவித்தது.

1995இல் அம்முறைமை முழுமை பெற்றது. எனினும், பொதுமக்களுக்குரிய குறிப்பலையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டதால், காட்டும் இடம் நூறு மீட்டர் வரை தவறக்கூடியதாயிருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அப்பிழை நீக்கப்பட்டது.

தெரியுமா?

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றிலுள்ள அணுக் கடிகாரங்களின் நேரத்தைச் சுமந்துவரும் குறிப்பலை, நம் கையிலுள்ள கருவியை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான நேரத்தில் அடைகிறது. நேரக் கணக்கில் நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவில் 300 மீட்டர் பிழை நேரும். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றுடன் தன் கடிகாரத்தின் பிழையையும் கண்டறியவேண்டியிருப்பதால், கருவிக்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன.

கையடக்கத் துணை

தொடக்கத்தில் இதற்கெனத் தனிக் கருவிகள் விற்கப்பட்டன. 2010இல் ஐபேடு வந்தபின் நிலைமை விரைந்து மாறியது. அமெரிக்காவில் ஃபோர்ஃபிளைட், இங்கிலாந்தில் ஸ்கைடெமன் போன்ற செயலிகளைக் கையடக்கக் கணினியில் நிறுவித் தொடையில் பட்டையால் கட்டிக்கொள்கின்றனர். நிலப்படத்தின்மீது சிறு விமான உருவம் நகர்கிறது. காற்று எவ்வளவு தள்ளினாலும், தரையின்மேல் விமானம் உண்மையில் செல்லும் வழியைத் திரை உடனே காட்டிவிடுகிறது.

இதன் பெரும்பயன் இலண்டன் போன்ற நகரங்களைச் சூழ்ந்த பகுதிகளில் விளங்கும். பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்பரப்பு, தலைகீழாகக் கவிழ்த்த படிக்கட்டைப் போல, மேலே செல்லச்செல்ல அகன்று விரியும். அனுமதியின்றிச் சிறு விமானம் அதனுள் நுழைந்தால், கட்டுப்பாட்டு மையத்தார் பயணிகள் விமானங்களை உடனே விலக்கி அனுப்பவேண்டும். கண்ணுக்குப் புலப்படாத அவ்வெல்லையை விமானி நெருங்கும்போதே செயலி எச்சரிக்கிறது. ஆனால், அதிலுள்ள தரவுகள் 28 நாள்களுக்கு ஒருமுறை மாறுபவை. புதுப்பிக்க மறந்தவர் பழைய எல்லைகளையே நம்பிப் பறப்பார்.

கண் எங்கே இருக்கவேண்டும்?

நல்ல வானிலையில் கண்ணால் பார்த்துப் பறப்பதே பொழுதுபோக்கு விமானிகளின் முறை. பிற விமானங்களைப் பார்த்து விலகும் பொறுப்பு அவரவர்க்கே உரியது. எஞ்சின் இல்லாத மிதவை விமானங்கள், பழைய விமானங்கள் பலவற்றில் தம் இருப்பை அறிவிக்கும் கருவி இராது. ஆகவே அவை திரையில் தோன்றா. திரையில் எதுவும் இல்லை என்பதற்கும் வானில் எவரும் இல்லை என்பதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. முன்பு நிலப்படத்தைப் பார்த்தவர், அதில் கண்ட ஏரியைத் தேடி மீண்டும் வெளியே பார்த்தாகவேண்டும். திரையோ அவ்வாறு வெளியே அனுப்புவதில்லை. கேட்ட அனைத்திற்கும் தானே விடை தருகிறது. கருவியின் குறையாக இதனைக் கூற இயலாது. அதன் நிறைவே இங்கு இடராகிறது என்பதுதான் வியப்பு.

படத்தின் வயது

அமெரிக்காவில் ராடார் கண்ட மழைப் படங்களும் இத்திரைகளுக்கு வந்து சேர்கின்றன. எங்கே கனமழை, எங்கே இடிமழை என வண்ணங்கள் காட்டும். படத்தின் ஓரத்தில் அது எத்தனை நிமிடத்திற்கு முற்பட்டது என்னும் குறிப்பும் இருக்கும். அக்குறிப்பில்தான் சிக்கல் ஒளிந்திருந்தது. ஒவ்வொரு ராடாரும் வானத்தைத் துழாவி முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். பல ராடார்களின் பதிவுகளை ஒன்றிணைக்க மேலும் நேரம் ஆகும். திரையில் தோன்றும் வயதோ, பதிவுகள் இணைக்கப்பட்ட நேரத்திலிருந்து எண்ணப்படுவது. ராடார் மழையைக் கண்ட நேரம் அதற்கும் முந்தையது.

உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 2012இல் இதுபற்றி விமானிகளை எச்சரித்தது. மழையின் உண்மையான வயது, திரை காட்டுவதைவிட 15 முதல் 20 நிமிடங்கள் வரை கூடுதலாக இருக்கக்கூடும் என்று அது கூறியது. மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் இடிமழை, 20 நிமிடத்தில் 15 கிலோமீட்டர் கடந்துவிடும். இரு மழைத்திரள்களுக்கு இடையே திரையில் தெரியும் இடைவெளியை நம்பி நுழைபவர், அங்கு இடைவெளி இல்லாததை உள்ளே சென்றபின்னரே அறிவார். தொலைவிலுள்ள மழையை விட்டு வெகுமுன்பே விலகிச் செல்ல இப்படம் பெரிதும் உதவும். மழைகளுக்கு நடுவே புகுந்து செல்ல உதவாது.

இவை தவிர, எளிய இடர்களும் உள்ளன. கண்ணாடிக் கூரையின் கீழ் வெயில் படும்போது கையடக்கக் கணினி சூடேறித் தானே நின்றுவிடுவதுண்டு. மின்கலம் தீர்ந்துபோவதும் உண்டு. செயற்கைக்கோளின் குறிப்பலை மிக மெலிந்ததாகையால், தரையிலிருந்து எழும் வலிய அலை அதனை எளிதில் மறைத்துவிடும்.

இதனால்தான் பயிற்றுநர்கள், மாணவரின் திரையை இடைவழியில் எச்சரிக்கையின்றி அணைத்துவிட்டு, ‘இப்போது நாம் எங்கே இருக்கிறோம்?’ என்று கேட்பர். மாணவர் கடிகாரத்தைப் பார்ப்பார். மடித்து வைத்த தாளில் பென்சில் கோட்டைத் தொடுவார். பின் சாளரத்தின் வழியே ஒரு தேவாலயக் கோபுரத்தையும் அதன் அருகே வளைந்து செல்லும் ஆற்றையும் தேடுவார்.