துணை இருந்தால் தனித்து வாழலாம்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ஜெலுபு மாவட்டத்தின் தலைமைப் பட்டணம் கோலா கிளாவாங். இவ்வட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் நம் மக்கள் லயன் வீடுகளில் அடுத்தடுத்து வாழ்ந்தனர். விடியற்காலையில் பெற்றோர் பெரட்டுக்குச் செல்வர். குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் இருப்பர். கற்றல் குறைபாடு உடைய ஒருவர் ஒரு வீட்டில் இருந்தால், லயத்தில் உள்ள அனைவரும் அவரை அறிந்திருப்பர். அவர் கடைக்குச் சென்றால் கடைக்காரர் மீதிப் பணத்தை எண்ணிக் கொடுப்பார். வழி தவறினால் யாரேனும் வீடுவரை கொண்டு வந்து விடுவர்.

தோட்டங்களை விட்டுக் குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தபோது அந்த உறவு வட்டம் சுருங்கியது. அடுக்குமாடி வீடுகளில் பக்கத்து வீட்டாரின் பெயர்கூடத் தெரிவதில்லை. இந்நிலையில், முதுமையடையும் பெற்றோரின் நெஞ்சை ஒரு கேள்வி வாட்டுகிறது: "எங்களுக்குப் பிறகு எங்கள் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்?"

இதற்கு இரண்டு வழிகளே உண்டெனப் பலர் எண்ணுகின்றனர். ஒன்று, உறவினர் பொறுப்பில் விடுவது; மற்றொன்று, காப்பகத்தில் சேர்ப்பது. மூன்றாவது வழியும் உண்டு. அதுவே துணையுடன் கூடிய தனிவாழ்க்கை. கற்றல் குறைபாடு உடையவர் ஊருக்குள் ஒரு வீட்டில் தனியாகவோ நண்பர்களோடோ வாழ்வார். பயிற்சி பெற்ற உதவியாளர் அவருக்குத் தேவையான அளவு துணை நிற்பார். சிலருக்கு வாரத்தில் சில மணி நேரம் போதும். சிலருக்கு இரவும் பகலும் துணை வேண்டும்.

உதவியாளர் எல்லாவற்றையும் தாமே செய்து கொடுப்பதன்று இம்முறை. சோறு சமைப்பதை எடுத்துக்கொள்வோம். உதவியாளரே சமைத்துப் போட்டால் அன்றைய பசி தீரும். அரிசிக்கு ஒரு குவளை, தண்ணீருக்குப் பானையில் ஒரு கோடு, செய்முறைக்குப் படங்கள் என வரிசைப்படுத்திக் காட்டினால், சில மாதங்களில் அவரே சமைக்கக் கற்றுக்கொள்வார். பேருந்தில் பயணம் செய்வதும் பணத்தைக் கையாள்வதும் இப்படியே படிப்படியாகக் கைவரும். அதைவிட முக்கியமானது, என்ன சமைப்பது, யாரோடு வாழ்வது என்பதை அவரே முடிவு செய்வதாகும். பழைய தோட்டத்தில் அன்பு குறையாமல் இருந்தது, ஆனால், "உனக்கு என்ன விருப்பம்?" என்று அவரைக் கேட்டவர் குறைவு.

இந்த உரிமையை உலகமும் ஏற்றுள்ளது. எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு என்கிறது ஐக்கிய நாட்டுச் சபை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு. மலேசியா 2008இல் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை இயற்றியது. 2010இல் அவ்வுடன்படிக்கையை ஏற்றுறுதி செய்தது.

அதற்கு முன்பே, 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் சமூகநல இலாகா சமூகம் சார்ந்த மறுவாழ்வுத் திட்டத்தைத் தொடங்கியது. பி.டி.கே. எனப்படும் அம்மையங்கள் இன்று நாடு முழுவதும் 500க்கும் மேல் உள்ளன. தன்னைத் தானே பராமரித்தல், பேச்சு, தொழிலுக்கான முன்பயிற்சி ஆகியவை அங்குக் கற்பிக்கப்படுகின்றன. 2005இல் பதிவு பெற்ற 'யுனைடெட் வாய்ஸ்' சங்கத்தைக் கற்றல் குறைபாடு உடையோரே வழிநடத்துகின்றனர். தங்களுக்காகத் தாங்களே பேசுகின்றனர். எனினும், பகலில் பயிற்சி தரும் மையங்களோடு ஒப்பிட்டால், துணையுடன் வாழ்வதற்கான வீடுகள் நம் நாட்டில் இன்னும் மிகச் சிலவே.

வீடுகள் பெருகுவது அரசு, அமைப்புகள் ஆகியவற்றின் கையில் உள்ளது. நல்ல அண்டை அயலாராக இருப்பது நம் கையில் உள்ளது. அவரைப் பற்றி அவர் தாயிடம் கேட்காமல், அவரிடமே நேராகப் பேசலாம். சிறு சிறு வாக்கியங்களில் பேசி, அவர் விடை சொல்லும்வரை பொறுத்திருக்கலாம். முதிய பெற்றோரின் கேள்விக்கு நாம் தரக்கூடிய விடை அங்கிருந்தே தொடங்குகிறது.

கருத்துணர்தல்
1. பழைய தோட்ட வாழ்க்கை கற்றல் குறைபாடு உடையோருக்கு எதைத் தந்தது? எதைத் தரவில்லை?
2. 'செய்து கொடுப்பது', 'செய்யக் கற்பிப்பது' ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உமது சொந்த எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. உம் குடியிருப்பில் இத்தகைய வீடு ஒன்று அமைந்தால், அண்டை வீட்டாராக நீர் எவ்வாறு துணை நிற்பீர்?