தேங்கிய பரிமாற்றமும் கட்டளை வரி மாற்றீடும்

முன்னுரை

சிவகாசியை அடுத்து, வைப்பாற்றங்கரையில் அமைந்தது வெம்பக்கோட்டை. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022 முதல் இங்கு நிகழ்த்திய அகழாய்வுகளில் சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் கிடைத்துள்ளன. பண்டும் இன்றும் தொழில் செழித்த மண் இது. தொழில் உள்ள இடத்தில் கணக்கேடு உண்டு. ஏட்டில் ஏறாத கொடுக்கல் நிறைவுற்றதாகாது. இவ்வுண்மை 2009இல் இயங்கத் தொடங்கிய பிட்காயினுக்கும் பொருந்தும். அனுப்பிய காசு இடைவழியில் தேங்கினால் செய்யத்தக்கது யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தேக்கத்தின் காரணம்

பிட்காயினில் வங்கி என்னும் நடுவர் இல்லை. அனுப்புவோர் கையொப்பமிட்ட பரிமாற்றம், வலையமைப்புக் கணினிகளின் காத்திருப்புக் கிடங்கில் முதலில் சேர்கிறது. ஏறத்தாழ 10 நிமிடங்களுக்கு ஒருமுறை உருவாகும் தொகுதியில் இடம் பெற்ற பின்னரே அது பொதுப் பேரேட்டில் ஏறும். அவ்விடமோ சிறிது. ஆதலின், மிகுதியான கட்டண வீதம் தரும் பரிமாற்றங்களே முந்துகின்றன. கட்டணம் அனுப்பும் தொகைக்கன்று, பேரேட்டில் அடைக்கும் இடத்திற்கே என்பதை மாணவர் மனங்கொள்ள வேண்டும். பெருந்தொகையாயினும் கட்டணம் குறைந்தால் காத்துக் கிடக்கும்.

மாற்றீட்டு விதி

இதற்குத் தீர்வாக 2015இல் மேம்பாட்டு முன்மொழிவு 125 எழுந்தது. பழைய பரிமாற்றம் செலவிடும் அதே காசைச் செலவிட்டு, கூடுதல் கட்டணத்துடன் புதியதொன்றை அனுப்பலாம் என்பது அதன் சாரம். ஒரே காசு இருமுறை செலவாகாது; எனவே இரண்டில் ஒன்றே பேரேட்டில் ஏறும். தொடக்கத்தில் 'மாற்றத்தக்கது' என்னும் குறி பழையதில் இருத்தல் வேண்டியிருந்தது. 2024இல் வந்த பிட்காயின் கோர் 28ஆம் பதிப்பு, அக்குறி இல்லாதவற்றின் மாற்றீட்டையும் இயல்பாகவே ஏற்கிறது.

கட்டளை வரியில் செய்முறை

முதற்கண், 'கெட்டிரான்சாக்சன்' என்னும் கட்டளையால் பரிமாற்றத்தின் நிலையை அறிதல் வேண்டும். உறுதிப்பாடு 0 என இருந்தால் மட்டுமே மாற்றீடு இயலும். 1 ஆகிவிட்டால் இயலாது. அடுத்து, பணப்பை பூட்டப்பட்டிருப்பின் கடவுச்சொல்லால் திறந்து, 'பம்ப்ஃபீ' என்னும் கட்டளையுடன் பரிமாற்றத்தின் 64 எழுத்து அடையாள எண்ணை இட வேண்டும். 2017 முதல் வழங்கும் இக்கட்டளை, பொதுவாக அனுப்புவோருக்குத் திரும்பும் மீதிச் சில்லறையிலிருந்து கூடுதல் கட்டணத்தை எடுத்துக்கொள்கிறது; பெறுவோர் தொகை குறைவதில்லை. இறுதியில் புதிய அடையாள எண் கிடைக்கும். உண்மைக் காசின்றிச் சோதனை வலையமைப்பில் இதனை முன்னரே பழகுதல் நன்று.

இருபுறம் கூரான வாள்

தவற்றைத் திருத்த உதவும் இவ்வழியே வஞ்சகர்க்கும் வழியாகலாம். பொருளைப் பெற்றுக்கொண்டு, காசு தமக்கே திரும்புமாறு மாற்றி அனுப்புதல் கூடும். ஆகவே, விற்போர் உறுதிப்பாடு கிடைக்குமுன் சரக்கை ஒப்படைத்தலாகாது. மேலும், தேங்கிய காசை விடுவித்துத் தருவதாகக் கூறி இரகசியச் சொற்களைக் கேட்போரிடம் அவற்றை ஒருபோதும் வழங்கலாகாது. மேற்கண்ட செய்முறை எதற்கும் அயலார் துணை வேண்டுவதன்று.

முடிவுரை

திரியில் தீ வைக்குமுன் திருத்தலாம், வைத்தபின் திருத்தலாகாது என்பதைப் பட்டாசுத் தொழிலாளர் நன்கறிவர். பேரேட்டில் ஏறும் கணமும் அத்தகையதே. அதற்கு முன் விழிப்பும், அதுவரை பொறுமையும் உடையோர் கைப்பொருளை இழவார்.